கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா?

ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. இந்தத் தை மாதம் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகலாமா? மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. முன்பெல்லாம் முழங்கால் தாங்குமா என்றுதான் யோசிப்பார்கள். இப்போது ஐம்பது வயதைத் தொடாதவர்கள்கூட, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இதைக் கேட்கிறார்கள். நெல்லையிலிருந்து கோயில் வாசல்வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். தார்ச்சாலை, வெயில், வெறுங்கால். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயத் தசைக்கு வேண்டிய ரத்தத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு அந்த நடைக்கு வேண்டியிருக்கும். அது கிடைக்குமா என்பதுதான் உண்மையான கேள்வி.

கேட்பவர் கையில் டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும், கூடவே ஆஞ்சியோ சி.டி.யும் இருக்கும். எல்.ஏ.டி. என்னும் இடது முன்பக்க ரத்தக்குழாயில் 90 சதவீத அடைப்பு, மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்று வைக்கப்பட்டது, மீதி அடைப்பு பூஜ்யம், டிமி 3 ஃப்ளோ. கடைசிச் சொற்களுக்கு, குழாயில் ரத்தம் தடையின்றி ஓடுகிறது என்று பொருள். “இப்பதான் அடைப்பே இல்லியே அண்ணாச்சி, பொறவு என்ன?” என்பார். நியாயமான வாதம். ஆனால் அந்தத் தாள் பேசுவது முழுக்கக் குழாயைப் பற்றி. நடக்கும்போது வலிப்பது தசை. தசைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி இருந்தாலே அதிகம்.

ஆற்றுப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் எளிதில் பிடிபடும். தாமிரபரணியின் கடைசி அணை ஸ்ரீவைகுண்டம். அங்கே பிரியும் தென்கால் குளம் குளமாக நிரப்பிக்கொண்டு திருச்செந்தூர்ப் பக்கம் வந்து சேர்கிறது. ஷட்டரைத் திறந்து இத்தனை கன அடி விட்டிருக்கிறோம் என்று அதிகாரி சொன்னால் அது பொய்யில்லை. என் வயல் காய்கிறது என்று கடைமடைக்காரர் சொன்னால் அதுவும் பொய்யில்லை. நடுவில் அமலைச் செடி அடைத்திருக்கும், மடை தூர்ந்திருக்கும். ஆஞ்சியோகிராம் ஷட்டரைப் பார்க்கும் சோதனை. தாலியம் ஸ்கேன் என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் இதயத் தசை ரத்த ஓட்டப் பரிசோதனை, கடைமடை வயலில் போய் நின்று பார்ப்பது.

ஆஞ்சியோகிராமில் கண்ணுக்குத் தெரிவது சுமார் அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குழாய்கள்தான். அதற்குக் கீழே பல்லாயிரம் நுண்குழாய்கள் தசைக்குள் கிளைத்துப் போகின்றன. எவ்வளவு ரத்தம் உள்ளே போகவேண்டும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை அவைதான். சர்க்கரை நோய், புகை, பல வருஷ ரத்த அழுத்தம் மூன்றும் முதலில் கைவைப்பது இந்தக் குழாய்களில். பெரிய குழாயில் எவ்வளவு அழகாக ஸ்டென்ட் உட்கார்ந்திருந்தாலும் இவை ஒத்துழைக்காவிட்டால் தசைக்குப் பட்டினிதான்.

ரத்தத்தின் போக்கைக் கதிரியக்கத்தால் பின்தொடரும் யோசனை ஏறத்தாழ நூறாண்டு பழையது. 1920களில் பாஸ்டனில் ஹெர்மன் பிளம்கார்ட் என்ற மருத்துவர், ரேடானிலிருந்து கிடைத்த கதிரியக்கப் பொருளை ஒரு கையில் செலுத்தி, அது மறு கைக்கு வந்துசேர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்தார். ஆனால் இதயத் தசையை உழைக்க வைத்து அதன் ரத்த ஓட்டத்தைப் படமாக்கியது 1973இல்தான். பேரி ஸாரெட், வில்லியம் ஸ்ட்ராஸ் குழுவினர் கதிரியக்கப் பொட்டாசியத்தைக் கையாண்டார்கள். உயிருள்ள தசை பொட்டாசியத்தை இழுத்துக்கொள்ளும். ரத்தம் வராத பகுதிக்கு அது வந்து சேராது. பிறகு பொட்டாசியத்தைப் போலவே நடந்துகொள்ளும் தாலியம்-201 வந்தது. அந்தப் பெயர் மக்கள் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்று பெரும்பாலும் போடப்படுவது டெக்னீசியம்-99எம் ஏற்றிய செஸ்டமிபி அல்லது டெட்ரோஃபோஸ்மின் என்றாலும், ‘தாலியம் பார்க்கணும்’ என்றுதான் இன்றும் சொல்கிறோம்.

ஏன் உழைக்க வைத்துப் பார்க்க வேண்டும்? 1974இல் லான்ஸ் கூல்ட் நாய்களின் இதயக் குழாயைச் சிறிது சிறிதாக இறுக்கிப் பார்த்தார். ஓய்வில் இருக்கும்போது, குழாயின் விட்டம் ஏறத்தாழ 85 சதவீதம் குறுகும்வரை ரத்த ஓட்டம் குறையவே இல்லை. கீழேயுள்ள நுண்குழாய்கள் விரிந்துகொடுத்து ஈடுகட்டிவிட்டன. அதே குழாயில் உச்ச ஓட்டத்தை வரவழைத்துப் பார்த்தபோது, பாதியளவு குறுகலிலேயே குறை தெரியத் தொடங்கியது. கட்டிலில் படுத்திருப்பவரின் ஈ.சி.ஜி. நன்றாக இருப்பதற்கும், அவரே மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுகுவதற்கும் காரணம் இதுதான். ஒரு இதயத்தின் கையிருப்பு என்ன என்பது அதற்கு வேலை கொடுத்தால்தான் தெரியும்.

பரிசோதனைக்கு முந்தைய நாளிலிருந்தே டீ, காபி கூடாது என்பார்கள். நம் ஊரில் இதுதான் பலருக்கு மலையாகத் தெரியும். நடக்க முடியாதவர்களுக்கு அடினோசின் போன்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி நுண்குழாய்களை விரிக்க வேண்டியிருக்கிறது. டீயில் உள்ள கஃபீன் அந்த மருந்தைத் தடுத்துவிடும். நடக்க முடிந்தவர் ட்ரெட்மில்லில் ஏறுவார். மூச்சு வாங்கி, இதயத் துடிப்பு இலக்கைத் தொடும் நேரத்தில், ஈயக் கவசத்துக்குள் இருக்கும் ஊசியால் மருந்தைச் செலுத்துவார்கள். ஊசி போட்ட பிறகும் ஒரு நிமிஷம் போல நடக்கச் சொல்வார்கள், மருந்து அந்த உழைப்பிலேயே தசைக்குள் போய்ச் சேரவேண்டும் என்பதற்காக. பிறகு காத்திருப்பு. இடையில் பால் குடிக்கக் கொடுப்பதும் உண்டு. ஈரலிலும் பித்தப்பையிலும் தங்கிய மருந்து கீழே இறங்கினால்தான் இதயத்தின் அடிப்பகுதி தெளிவாகத் தெரியும். அதன்பின் கைகளைத் தலைக்குமேல் தூக்கிப் படுக்க, கேமரா வலது தோள்பக்கத்திலிருந்து இடது முதுகுப்பக்கம் வரை அரைவட்டமாக நகர்ந்து கால் மணி நேரம் போலப் படமெடுக்கும். ஓய்வில் ஒரு தடவை, உழைப்பில் ஒரு தடவை, இரண்டு படங்கள்.

ஒரு முறை இப்படிப் பார்ப்பதில் உடலுக்குச் சேரும் கதிர்வீச்சு பொதுவாக 10 மில்லிசீவர்ட் அளவில் இருக்கும். இயற்கையிலிருந்து உலகில் ஒருவருக்குச் சராசரியாக ஓராண்டில் கிடைப்பது 2.4. அச்சப்படும் அளவு இல்லை. காரணமில்லாமல் வருஷாவருஷம் ஏற்றிக்கொள்ளும் அளவும் இல்லை.

இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துத்தான் வாசிக்க வேண்டும். உழைப்புப் படத்தில் ஒரு பகுதி மங்கி, ஓய்வுப் படத்தில் அதே பகுதி பளிச்சென்று இருந்தால், அங்கே தசை உயிரோடு இருக்கிறது, தேவைப்படும்போது ரத்தம் போதவில்லை. இரண்டிலும் மங்கலாக இருந்தால் அது பெரும்பாலும் பழைய மாரடைப்பின் தழும்பு. முதலாவதற்கு ரத்தத்தைக் கூட்டினால் பலன் உண்டு. இரண்டாவதில் எத்தனை ஸ்டென்ட் வைத்தாலும் செத்த தசை எழுந்து வராது. இடது கீழறைத் தசையை 17 பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டு, உழைப்பின் மொத்தத்திலிருந்து ஓய்வின் மொத்தத்தைக் கழிப்பார்கள். மிஞ்சுவது ரத்தப் பற்றாக்குறையின் அளவு. ஏழு மதிப்பெண் என்றால் தசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பட்டினியில் இருக்கிறது என்று கணக்கு.

இந்தப் பத்து சதவீதத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2003இல் ரோரி ஹாகமோவிச் குழுவினர் 10,627 பேரின் ஸ்கேன்களையும் அவர்களுடைய பிற்காலத்தையும் ஒப்பிட்டார்கள். பற்றாக்குறை 10 சதவீதத்துக்கு மேல் இருந்தவர்களில், ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்துகொண்டவர்கள் மருந்தோடு மட்டும் இருந்தவர்களைவிட அதிகம் பிழைத்திருந்தார்கள். குறைவான பற்றாக்குறை உள்ளவர்களுக்கு அந்த ஆதாயம் இல்லை. உலகமெங்கும் மருத்துவர்கள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அது நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல. இந்தக் குறை பின்னால் பெரிதாகப் பேசப்பட்டது.

ஸ்டென்ட்டுக்குப் பிறகு என்ன ஆகும் என்பதை ஸ்கேன் சொல்லுமா என்ற கேள்விக்கு நேராக வந்தது 2008இல் வெளியான கரேஜ் ஆய்வின் அணு மருத்துவப் பிரிவு. முதன்மை ஆய்வு 2,287 பேரைக் கொண்டது. நிலையான நெஞ்சுவலிக்காரர்களுக்கு, நல்ல மருந்தோடு ஸ்டென்ட்டும் சேர்த்து வைப்பதால் இறப்போ மாரடைப்போ குறையவில்லை என்று 2007இல் அது அறிவித்தபோது இதய மருத்துவ உலகமே அதிர்ந்தது. அவர்களில் 314 பேருக்குச் சிகிச்சைக்கு முன் ஒன்று, 6 முதல் 18 மாதங்களுக்குள் இன்னொன்று என இரண்டு முறை ஸ்கேன் எடுக்கப்பட்டது. ஸ்டென்ட்டும் மருந்தும் பெற்றவர்களில் 33 சதவீதத்தினருக்கும், மருந்து மட்டும் பெற்றவர்களில் 19 சதவீதத்தினருக்கும் பற்றாக்குறை கணிசமாகக் குறைந்திருந்தது. என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது அடுத்த கணக்கு. இரண்டாவது ஸ்கேனில் பற்றாக்குறையே மிஞ்சாதவர்களில் பின்னர் இறப்போ மாரடைப்போ ஒருவருக்கும் இல்லை. 10 சதவீதமோ அதற்கு மேலோ மிஞ்சியவர்களில் அது 39 சதவீதம்.

ஆக, ஸ்டென்ட் வைத்தோமா இல்லையா என்பதைவிட, என்ன செய்தும் தசையில் எவ்வளவு பட்டினி மிஞ்சியது என்பது எதிர்காலத்தோடு நெருக்கமாக ஒட்டிப்போகிறது. ஸ்டென்ட் வைத்த பின்னும் மூன்றில் இரண்டு பேருக்கு அந்தக் கணிசமான குறைவு வரவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மருந்தை மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டே ஐந்தில் ஒருவர் அதை எட்டினார் என்பதையும். அதே ஆய்வாளர்கள் வயது முதலான மற்ற காரணங்களையும் கணக்கில் சேர்த்தபோது இந்தத் தொடர்பின் வலு குறைந்தது. அதை மறைக்காமல் எழுதினார்கள்.

2020இல் வந்த இஸ்கீமியா ஆய்வு இன்னும் கடுமையான சோதனை. இந்திய மருத்துவமனைகளும் சேர்ந்த 37 நாடுகளில், உழைப்புச் சோதனையில் நடுத்தர அல்லது கடும் பற்றாக்குறை தெரிந்த 5,179 பேர். ஒரு பாதிக்கு உடனே ஆஞ்சியோ, தேவைப்பட்டால் ஸ்டென்ட் அல்லது பைபாஸ். மறுபாதிக்கு மருந்து, மருந்து பலிக்காவிட்டால் மட்டும் ஆஞ்சியோ. சராசரியாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் பார்த்தும் உயிரிழப்பில் வித்தியாசம் இல்லை. நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு வலி குறைந்ததில் மட்டும் முதல் குழு முன்னால் நின்றது. அடுத்த ஆண்டு அதே ஆய்வின் விவரங்களை அலசியபோது, பற்றாக்குறையின் அளவைவிட எத்தனை குழாய்களில் எவ்வளவு கொழுப்புப் படிமம் இருக்கிறது என்பதே இறப்போடு அதிகம் ஒட்டிப்போனது. படிமம் பல இடங்களில் இருந்தால், இன்று பட்டினி இல்லாத பகுதியிலும் நாளை ஒன்று வெடித்து ரத்தம் உறையலாம் அல்லவா?

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் என் முடிவு இது: தசைப் படம் ஆபத்தைத் தரம்பிரிக்க நல்ல கருவி; அடுத்த ஸ்டென்ட்டுக்கான ஆணையாக அதை வாசிக்கக் கூடாது. மங்கிய பகுதி தெரிந்த உடனே, ஸ்டென்ட் வைக்கும் கேத் லேப் மேசையில் படுக்க வைப்பதைவிட, கொலஸ்ட்ரால் மாத்திரை போதிய அளவில் போகிறதா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, புகை நின்றதா என்று பார்ப்பதுதான் அந்தப் படத்துக்குச் செய்யும் முதல் மரியாதை.

இதுவரை சொன்னது நிலையான நோய்க்காரர்களைப் பற்றி. மாரடைப்பு நேரத்தில் கதையே வேறு. அங்கே குழாயைத் திறப்பது உயிர் காப்பது. வாய்வுப் பிடிப்பு, சோடா குடித்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் போக்கும் ஒவ்வொரு அரை மணி நேரமும் தசையைத் தின்கிறது. திருச்செந்தூரிலிருந்து கேத் லேப் இருக்கும் தூத்துக்குடிக்கு 40 கிலோமீட்டர், நெல்லைக்கு அதைவிட அதிகம். 2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அடோர்வாஸ்டாடின் 8 என்று 14 மாத்திரைகளைக் கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அதற்கு முன்பே சிறிய மருத்துவமனைகளையும் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸோடு இணைத்து, கோவையின் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையின் அஜித் முள்ளசாரியும் முன்நின்று தமிழ்நாட்டில் நடத்திய திட்டத்தின் முடிவு 2017இல் வெளிவந்தது. 2,420 மாரடைப்பு நோயாளிகள். ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது.

மாரடைப்பில் தசைப் படம் செய்யும் ஒரு வேலையைச் சொல்லாமல் விட முடியாது. செஸ்டமிபி தசைச் செல்லுக்குள் போய் மைட்டோகாண்ட்ரியாவில் ஒட்டிக்கொண்டால் லேசில் வெளியே வராது. அதனால் குழாயைத் திறப்பதற்கு முன் ஊசியைப் போட்டுவிட்டு, ஸ்டென்ட் வைத்து நோயாளி நிதானப்பட்ட பின் படமெடுத்தாலும், படத்தில் தெரிவது ஊசி போட்ட நேரத்து நிலைமை. சில நாள் கழித்து மறுபடி ஒரு படம். முதல் படத்தில் ஆபத்தில் இருந்த பகுதியிலிருந்து இரண்டாவதில் செத்துப்போன பகுதியைக் கழித்தால், மீட்கப்பட்ட தசை எவ்வளவு என்று தெரிந்துவிடும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1980களின் இறுதியில் இம்முறையை வளர்த்தெடுத்தார்கள். குழாய் முழுதும் திறந்தும், உறைவுத் துணுக்குகளும் வீங்கிய செல்களும் நுண்குழாய்களை அடைத்து, தசைக்குள் ரத்தம் நுழையாமல் போவதும் உண்டு. அப்படிப்பட்டவருக்கு இதயம் விரிந்து பலவீனமாகும் அபாயம் அதிகம். கூடுதல் கண்காணிப்பு வேண்டியவர் அவர்.

இந்தப் பரிசோதனை ஏமாற்றும் இடங்களும் உண்டு. படம் காட்டுவது ஒப்பீட்டை. எந்தப் பகுதி நன்றாக இருக்கிறதோ அதை அளவுகோலாக வைத்து மற்றதை எடைபோடுகிறது. இதயத்தின் மூன்று பெரிய குழாய்களும் ஒரே அளவில் கெட்டிருந்தால் எல்லாப் பகுதியும் சமமாக மங்கி, படம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றலாம். பெண்களுக்கு மார்பகமும் ஆண்களுக்கு உதரவிதானமும் கதிரை மறைத்து, இல்லாத குறையைக் காட்டலாம். ஒவ்வொரு கிராம் தசைக்கும் நிமிஷத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ரத்தம் என்று அளவாகவே சொல்லிவிடும் பெட் ஸ்கேன் இந்தக் குறைகளில் பலவற்றைத் தாண்டியது. ஆனால் அதற்கான அம்மோனியா மருந்தின் பாதி பத்து நிமிஷத்தில் மறைந்துவிடும். சைக்ளோட்ரான் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

டெக்னீசியத்துக்கும் இந்த அவசரம் உண்டு, கொஞ்சம் நிதானமாக. ஆறு மணி நேரத்தில் பாதி போய்விடும். அதைத் தரும் மாலிப்டினம் ஜெனரேட்டரும் 66 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகத் தேய்வதால், தொடர்ந்து புதிதாக வரவழைக்க வேண்டும். தினமும் போதிய நோயாளிகள் வராத ஊரில் இதைக் கட்டுப்படியாக நடத்துவது கடினம். அதனால்தான் கேமராக்கள் மதுரை, சென்னை, கோவை என்று பெருநகரங்களில் குவிந்திருக்கின்றன. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தபோது மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலை 29,600 ரூபாயாக இறங்கியது. சாதாரண ஸ்டென்ட் 7,260. குழாயைத் திறப்பது ஏழைக்கும் எட்டியது. திறந்ததன் பலன் தசைக்குப் போனதா என்று பார்க்கும் வசதி அதே அளவு பரவவில்லை. இதில் எனக்கு வருத்தம் உண்டு. மாவட்டத் தலைநகர் மருத்துவமனைகளில் ஒரு காமா கேமரா என்பது பேராசையாகத் தெரியவில்லை.

அதற்காக, ஸ்டென்ட் வைத்த எல்லோரும் வருஷத்துக்கு ஒரு தாலியம் எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தென் கொரியாவில் 11 மருத்துவமனைகளில் 1,706 பேரை வைத்து இதைச் சோதித்துவிட்டார்கள். எல்லோருமே சிக்கலான ஸ்டென்ட்காரர்கள் அல்லது சர்க்கரை போன்ற அபாயம் உள்ளவர்கள். பாதிப்பேருக்கு ஓராண்டு முடிந்ததும் வழக்கமாக உழைப்புச் சோதனை. மறுபாதிக்குத் தொந்தரவு வந்தால் மட்டும். 2022இல் வெளிவந்த முடிவு: இரண்டு ஆண்டுகளில் இறப்பு, மாரடைப்பு, நெஞ்சுவலியால் மருத்துவமனைச் சேர்க்கை மூன்றும் சேர்ந்து ஒரு குழுவில் 5.5 சதவீதம், இன்னொன்றில் 6.0. வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம்.

பாதயாத்திரைக் கேள்விக்கு வருவோம். ஸ்டென்ட் வைத்து ஓராண்டு ஆகி, மாத்திரை தவறாமல், தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர் வலியோ இரைப்போ இல்லாமல் நடப்பவருக்கு ஸ்கேன் தேவைப்படுவது அரிது. மருத்துவர் விரும்பினால் ஒரு ட்ரெட்மில் சோதனையே போதும். பழைய வலி திரும்பியவர், முன்பு ஏறிய படியில் இப்போது நிற்பவர், எல்லாக் குழாய்க்கும் ஸ்டென்ட் வைக்காமல் ஒன்றிரண்டை விட்டுவைத்தவர், எக்கோவில் இதயத்தின் பம்பிங் குறைந்துகொண்டே வருபவர் ஆகியோருக்கு இந்தப் படம் வழிகாட்டும். சர்க்கரை பல வருஷமாக உள்ளவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நரம்பு மரத்து, தசை பட்டினி கிடந்தும் வலியே தெரியாமல் இருக்கலாம்; வெறும் சோர்வாகவோ இரைப்பாகவோதான் வெளிப்படும். படம் நன்றாக வந்தால் அடுத்த ஓராண்டில் இறப்போ மாரடைப்போ வரும் வாய்ப்பு பொதுவாக 1 சதவீதத்துக்கும் கீழ். ஏற்கனவே இதய நோயும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு அது சற்றுக் கூடும், அந்த நிம்மதி நீடிக்கும் காலமும் சுருங்கும்.

பரிசோதனைக்குப் போகும்போது பழைய ஆஞ்சியோ சி.டி., டிஸ்சார்ஜ் சம்மரி, முதல் ஈ.சி.ஜி., முன்பு எடுத்த ஸ்கேன் எது இருந்தாலும் கையோடு கொண்டுபோக வேண்டும். வீடு வெள்ளையடிக்கும்போது இவற்றைப் பழைய பேப்பரோடு போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். கீழ்ச்சுவரில் தெரியும் மங்கல் உதரவிதானத்தின் நிழலா, பல வருஷத்துக்கு முந்தைய தழும்பா, போன மாதம் ஸ்டென்ட்டுக்குள் புதிதாக வந்த குறுகலா என்பதைப் புதிய படம் மட்டும் வைத்துச் சொல்வது கடினம். பழையதைப் பக்கத்தில் வைத்தால் பல நேரம் ஒரு பார்வையில் தெரிந்துவிடும், இன்னொரு ஆஞ்சியோவுக்கு அவசியமே இல்லாமலும் போகும்.